கதைக்குச் சொன்ன ஓம்

"சொல்லுங்கோ... கேக்குது... சொல்லுங்கோ..."

கைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு கமலாதேவி சாளைக் கருவாட்டைப் புரட்டிப் போடுகிறார். மறுமுனையில் தம்பலகாமத்து வியாபாரி சஜீத்.

"ஓமெண்டு ஒரு சொல்லுச் சொன்னா வாய் தேஞ்சு போயிருமோ அக்கா?"

"வாய் தேயாது தம்பி. காணிதான் போகும்!"

சல்லிக் கடற்கரையின் அந்த மணல்தான் அவருக்குத் தொழில், கடை, சொத்து எல்லாம். அங்கேதான் ஒரு கொம்பனி, செயற்கை நுண்ணறிவு இயந்திரங்களை அடுக்கிவைக்கக் கட்டடம் கட்டப் போகிறதாம். இயந்திரங்கள் சூடாகுமாம், குளிர்விக்க ஊர்த் தண்ணீர் வேண்டுமாம். ஆனி, ஆடியில் கிணற்று வாளி தரைதட்டுகிற ஊரில்!

ஊரிடம் சம்மதம் கேட்டதும் ஓர் இயந்திரம்தான். தொலைபேசியில் தேன் ஒழுகும் பெண்குரல். யாரோ பிள்ளை, பாவம், தொண்டை வறளப் பேசுகிறதே என்று கமலாதேவி இடையிடையே "ஓம் பிள்ளை... ஓம்..." என்றார். இங்கே ஓம் என்றால் 'ஆம்'; ஆனால் ஒருவர் சொல்லும் கதையைக் கேட்கும்போது ஓம் என்றால் 'கேட்கிறேன்' என்று மட்டும்தான் பொருள். சொல்லாமலிருந்தால் மரியாதையில்லை. ஊர் முழுக்க அப்படித்தான் சொல்லிவைத்தது. அவ்வளவையும் சம்மதம் என்று எழுதிக்கொண்டார்கள். என்ன அநியாயம்!

"நான் ஓமெண்டது கதைக்கு, காணிக்கில்லை!" என்று வெடித்தவர், வீடு வீடாக ஏறி ஆட்களைத் திரட்டிக் கொம்பனிக்காரரை ஊர் மண்டபத்துக்கே வரவழைத்துவிட்டார். கைபேசியில் ஓம் சொல்வதை அன்றைக்கு விட்டவர்தான்.

போன கிழமை கூட்டம். கொம்பனி அனுப்பிய ஆனந்தராசா, "எல்லாரும் ஓமெண்டு சொன்ன பதிவு எங்களிட்ட இருக்கம்மா" என்றார்.

கமலாதேவி அசரவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, கிணற்றைப் பற்றியும் மணலைப் பற்றியும் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டு போனார். ஆனந்தராசாவும் இதே மாவட்டத்து ஈச்சிலம்பற்றில் பிறந்து வளர்ந்தவர்தானே! தலையை ஆட்டி ஆட்டி, "ஓம் அம்மா... ஓம்..." என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"அதால இந்தக் கட்டடம் எங்கட ஊருக்கு வேண்டாம்."

"ஓம் அம்மா..."

மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது. ஆனந்தராசாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"அப்ப நீங்களும் சம்மதம். எழுதுங்கோ தம்பி" என்ற கமலாதேவி, மேசையில் கிடந்த பேனையை எடுத்து, மூடியைக் கழற்றி, அவர் முன்னால் நீட்டினார்.