பாண்டியம்மாள் வெள்ளையடித்த பங்களா

பழனிசெட்டிபட்டியில் இருபத்திரண்டு வருடமாக ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாணப் படம் எடுக்கிறவன் படாத பாடு கிடையாது. தாய்மாமன்கள் என் சட்டையைப் பிடித்திருக்கிறார்கள். ஒரு மாப்பிள்ளை, ஆல்பத்தில் தனக்குத் தொப்பை இருப்பதற்கு நான்தான் காரணம் என்று ஊரைக் கூட்டினான். எல்லாவற்றையும் பல்லைக் காட்டிக்கொண்டே தாங்கினேன். என்னை நடு வெயிலில் தலையில் கைவைத்து உட்கார வைத்தது ஒரே ஒரு ஆள்தான். அதுவும் என்னிடம் ஒரு பாஸ்போர்ட் படம்கூட எடுத்துக்கொள்ளாத ஆள். தேவாரம் பங்களாவைப் பெருக்கும் பாண்டியம்மாளக்கா.

தேவாரத்தைத் தாண்டி மலையடிவாரத்துக்குப் போகும் மண்பாதையில் இருக்கிறது அந்தப் பங்களா. ஏலத்தோட்டம் வைத்திருந்த ஏதோ ஒரு வெள்ளைக்காரத் துரை கட்டியது. அவர் பெயர் இப்போது யாருக்கும் தெரியாது. நம் ஊர் வெயிலில், வீட்டுக்குள் குளிர்காய ஒரு அடுப்பும் அதற்கு ஒரு புகைக்கூண்டும் வைத்துக் கட்டியிருக்கிறார் என்பதிலிருந்து ஆள் எப்படிப்பட்டவர் என்று ஊகித்துக்கொள்ளலாம். அவர் கப்பலேறியதும் போடி ஏலக்காய் வியாபாரி ஒருவர் அதை வாங்கினார். வாங்கிய குடும்பம் ஒரு நாள்கூட அங்கே தங்கவில்லை. அவ்வளவு உயரத்தில் கூரை இருந்தால் அவர்களுக்குத் தூக்கம் வராதாம்.

நான் முதன்முதலில் அதைப் பார்த்தபோது கேமராவை எடுக்க மறந்து நின்றேன். முன்பக்கம் ஏழு வளைவுகள். காரை உதிர்ந்த இடத்தில் செங்கல் ஒரு நிறம், பாசி காய்ந்த இடம் ஒரு நிறம், மழை ஒழுகிய தடம் இன்னொரு நிறம். இடது மூலையில் அரசமர வேர் ஒன்று சுவரைக் கட்டிப்பிடித்து இறங்கியிருந்தது. சாயங்காலம் நாலரைக்கு, ஜன்னலுக்கு மேலே மிச்சமிருந்த சிவப்புப் பச்சைக் கண்ணாடி வழியாக வெயில் உள்ளே விழும். செட்டுப் போட்டாலும் அந்த வெளிச்சம் வராது.

முப்பத்தொரு வருடத்துக்கு முன்னால் வீட்டுக்காரர், "தினமும் பெருக்கி வைம்மா" என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறார். பிறகு அவர் காலமாகிவிட்டார். நிறுத்து என்று சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. அக்காவும் நிறுத்தவில்லை. புருஷன் இறந்ததும் பங்களாவின் பின்கட்டுச் சமையலறையிலேயே குடிவந்துவிட்டார். ஆளில்லாத வீட்டில் ஒன்பது அறைகள். காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம். வௌவால்களைப் பெயர் சொல்லித் திட்டுவார். உதிர்ந்த கண்ணாடிச் சில்லைக்கூடப் பொறுக்கி ஒரு மூலையில் அடுக்கியிருந்தார். தேக்குக் கதவைக் கழற்ற வந்த இரண்டு பேரை அரிவாளோடு மெயின் ரோடு வரைக்கும் விரட்டியவர் அவர். வீடு இன்றைக்கு நிற்கிறதென்றால் அக்காவால்தான். இதை என் கோபத்துக்கு நடுவிலும் ஒப்புக்கொள்கிறேன்.

போன வருடம் புரட்டாசியில் அக்கா பஸ் பிடித்து என் ஸ்டுடியோவுக்கே வந்துவிட்டார். பழைய முதலாளியின் மகன் செல்வின், தை பிறந்ததும் வீட்டை இடித்துவிட்டுத் தென்னை வைக்கப் போகிறாராம்.

"நீங்க ஒருத்தருதான் தம்பி அந்த வீட்ட அழகுன்னு சொன்னீக. மொதலாளிகிட்ட ஒரு வார்த்தை பேசிப் பாருங்க."

"உங்களுக்குப் போக இடம் இல்லையாக்கா?"

"எடம் என்னா எடம்? மயிலாடும்பாறையில என் தம்பி இருக்கான், ராணி கணக்கா வச்சுக்கிருவான். அங்கன போனா நான் விருந்தாளி. இங்கன எனக்கு வேலை இருக்கு."

சொல்லிவிட்டு அழுதார். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அந்தச் சுவரும் கண்ணாடியும் போய்விடுமே என்ற வயிற்றெரிச்சலும் சேர்ந்துகொண்டது. நான் ஒன்றும் மகாத்மா இல்லை.

போடிக்குப் போய்ச் செல்வினைப் பார்த்தேன். கல்யாணத்துக்கு முன்னால் படம் எடுக்க ஜோடிகள் இப்போது இடிந்த வீடாகத் தேடி அலைகிறார்கள் என்று எடுத்துச் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இடிஞ்ச வீட்டத் தேடி வருவாகளா? சரி, ஒரே ஒரு பார்ட்டி வந்து எடுத்துட்டுப் போகட்டும். நானே வந்து பாக்குறேன். வந்தா வீடு நிக்கும். வரலைன்னா ஜேசிபி வரும்."

பார்ட்டி கிடைத்தது. தேனிப் பெண் மகிமா, பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. அந்தச் சுவரின் படத்தைப் போனில் பார்த்ததும், "அங்கிள், எனக்கு இந்த வேர், இந்தப் பாசி, இது மட்டும் போதும்" என்று துள்ளினாள். நான் அக்காவுக்குப் போன் போட்டேன். "சனிக்கிழமை பொண்ணு மாப்பிள்ளை வர்றாக. மொதலாளியும் வர்றாரு. வீட்டை நல்லபடியா வச்சிருங்க" என்றேன். கடைசியில் சொன்ன அந்த மூணு வார்த்தைக்காக என் வாயில் நானே போட்டுக்கொள்ள வேண்டும்.

கல்யாணப் பெண் வரப்போகிற வீட்டுக்கு நம் ஊரில் என்ன செய்வார்கள்? சனிக்கிழமை கார் அந்தத் திருப்பத்தில் திரும்பியதும் பார்த்தேன்.

முன்பக்கம் முழுக்க வெள்ளை. நீலம் கொஞ்சம் தூக்கலாகவே கலந்த சுண்ணாம்பு. ஏழு வளைவுக்கும் அடியில் காவிப் பட்டை. வாசலில் பெரிய கோலம், நிலையில் மாவிலைத் தோரணம். அரசமர வேர் அடியோடு வெட்டப்பட்டு விறகுபோல ஓரத்தில் கிடந்தது. பினாயில் வாசம் ரோடு வரைக்கும் வந்தது. நடுவில் அக்கா, தலை முதல் கால் வரை சுண்ணாம்புத் துளிகளோடு, புதுச் சேலையில், பொண்ணு வீட்டுத் தாயார் மாதிரி முகமெல்லாம் சிரிப்பாக நின்றார்.

"வாங்க வாங்க! எட்டு நாளா நானே அடிச்சேன். எப்பிடி இருக்கு தம்பி?"

"ஆத்தாடி..." என்றேன்.

மகிமா காரிலிருந்து இறங்கி, "அங்கிள், என் சுவர் எங்க?" என்று கேட்டாள். கேட்கும்போதே அழுகை. அவள் அம்மா ஞானபாக்கியத்துக்கோ ஒரே சந்தோஷம். "இதானடி வீடு! நீ காட்டுன படத்தப் பாத்துட்டு, பாழடைஞ்ச எடத்துல பொண்ணை நிறுத்தப் போறாகளேன்னு ராவெல்லாம் நான் தூங்கலை" என்றார். தாயும் மகளும் அங்கேயே சண்டை பிடித்தார்கள். மாப்பிள்ளை இம்மானுவேல் நல்ல பிள்ளை. இரண்டு பேர் சொன்னதற்கும் தலையாட்டினான். கடைசியில் வைகை அணைக்குப் போவதென்று முடிவாகி, என்னை அங்கேயே விட்டுவிட்டுக் கார்கள் திரும்பிவிட்டன. திரும்பிய கார்களுக்கு எதிரே செல்வினின் கார் வந்தது. அவர் கண்ணாடியைக்கூட இறக்கவில்லை. பத்து நிமிடத்தில் போனில் சொன்னார்: "அடுத்த திங்கட்கிழமை இல்ல, அதுக்கடுத்த திங்கள். மெசினுக்குச் சொல்லிட்டேன்."

அன்றைக்குத்தான் நான் வெயிலில் உட்கார்ந்தது.

"ஏன்க்கா இப்படிப் பண்ணுனீங்க?" என்று கத்தினேன். அக்காவுக்குப் புரியவே இல்லை.

"கல்யாணப் பொண்ணு வருதுன்னா வெள்ளையடிக்காம? அழுக்குச் சுவத்துல சாச்சு நிறுத்த அது என்னா அனாதையா?"

"அவங்களுக்கு அழுக்குதான்க்கா வேணும்! இடிஞ்சு, ஒழுகி, பாசி புடிச்சு இருந்துச்சே, அதுதான் அழகு!"

அக்கா வெள்ளைச் சுவரைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப முப்பத்தொரு வருசமா நான் பெருக்குனது?"

கோபமெல்லாம் வடிந்துவிட்டது. பாவமாக இருந்தது. பாவத்தை மறைக்க எழுந்து போய்ச் சுவரை நகத்தால் சுரண்டினேன். சுண்ணாம்பு பொலபொலவென்று உதிர்ந்தது.

"சுவத்துல ஒட்டி நிக்க இதுல பசை கலக்கலையா?"

"எங்கன கலக்க? பசைக்கு எங்கன போறது?"

எனக்கு அவர் காலில் விழலாம்போல இருந்தது.

மறுநாளே வேலையை ஆரம்பித்தோம். தேங்காய் நாரும் தண்ணீரும். சுண்ணாம்பு போன இடத்தில் பழைய கறையெல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. முழுக்கப் போகாத இடங்களில் வெள்ளை திட்டுத் திட்டாக நின்று, முன்னைவிட அழகாக ஆகிவிட்டது. காவிப் பட்டை மட்டும் போகமாட்டேன் என்று அடம்பிடித்தது. அது பழசாகத் தெரியட்டும் என்று, புளித்த மோரில் சாணியைக் கரைத்து அதன் மேல் ஊற்றச் சொன்னேன். வாளியைக் கையில் வைத்துக்கொண்டு அக்கா அரை மணி நேரம் அப்படியே நின்றார்.

"சாமி சத்தியமா சொல்றேன் தம்பி, வீட்டுச் சுவத்துல மோரை ஊத்துற பாவம் ஒங்களத்தான் சேரும்."

"எனக்கே சேரட்டும். ஊத்துங்க."

ஊற்றினார். முதல் வாளிதான் கஷ்டம். நாலாவது நாள் போய்ப் பார்த்தால், அவர் என்னை மேய்க்க ஆரம்பித்திருந்தார். "அந்தத் தூணுல அழுக்குப் பத்தலை. கொஞ்சம் தேயிலைத் தண்ணி விடுங்க. எங்கன பாக்குறீக? இங்கன, இங்கன!" வெட்டிப் போட்ட அரசமர வேரை இரண்டு பேருமாகத் தூக்கி, கட்டுக்கம்பி வைத்துப் பழைய இடத்திலேயே கட்டினோம். சுவரைப் பிளந்துகொண்டிருந்த வேர் அது. அக்கா வெட்டியது வீட்டுக்கு நல்லதுதான். ஆனால் இன்று வரைக்கும் என் ஆல்பங்களில் மணப்பெண்கள் உருகி உருகிச் சாய்ந்து நிற்பது, கம்பியில் கட்டிய செத்த வேரில்தான். இதை வெளியே சொல்லிவிடாதீர்கள்.

மகிமாவைக் கெஞ்சிக் கூத்தாடிச் சனிக்கிழமைக்கு மறுபடி வரவழைத்தேன். வந்தவள் சுவரைப் பார்த்து ஒரு சத்தம் போட்டாள் பாருங்கள், வௌவாலெல்லாம் கிளம்பிவிட்டது. நாலரை வெயிலில் படம் எடுத்து முடித்தபோது செல்வின் கேட் அருகே கைகட்டி நின்றிருந்தார். அவர் மனைவியும் வந்திருந்தார். கண்ணாடி வெளிச்சத்தில் தன்னையும் ஒரு படம் எடுக்கச் சொன்னார். அதற்குப் பிறகு மெசினைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை.

கிளம்பும்போது செல்வின் அக்காவிடம் சொன்னார்: "வீடு இருக்கட்டும் பாண்டியம்மா. நீங்களும் இருங்க. ஆனா இனிமே ஒண்ணையும் தொடக்கூடாது. பெருக்கவும் வேணாம். இப்பிடியே கெடக்கட்டும், அதுதான் பராமரிப்புன்னு தம்பி சொல்றாரு."

நான் சொன்னதுதான். வீடு தப்பித்த சந்தோஷத்தில் அக்காவின் முகத்தை நான் பார்க்கவில்லை.

பத்து நாள் கழித்து அந்தப் பக்கம் போனேன். அக்கா பின்கட்டுப் படியில் உட்கார்ந்திருந்தார். ஆளே பாதியாகியிருந்தார். காலை பத்து மணிக்கு அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

"சும்மா உக்காந்து சோறு திங்க வெக்கமா இருக்கு தம்பி. வீடு நின்னுருச்சு. நான் மயிலாடும்பாறைக்கே போயிறலாம்னு பாக்குறேன்."

நான் பேச்சை மாற்றினேன். அடுத்த வாரம் கம்பத்திலிருந்து ஒரு ஜோடி வருகிறது, நடுக்கூடத்தில் சருகு பரந்து கிடந்தால் படம் பிரமாதமாக இருக்கும், ஆனால் நீங்கள் பெருக்கிப் பெருக்கிப் பழக்கியதில் அந்த வீட்டுக்குள் சருகு வரவே பயப்படுகிறது என்று கேலி செய்துவிட்டு வந்தேன். அவர் சிரிக்கவில்லை.

கம்பம் ஜோடியோடு போன அன்று கூடத்துக் கதவைத் திறந்தேன். தரை தெரியவில்லை. அரசஞ்சருகு, தேக்கஞ்சருகு, நடுவில் அங்கங்கே காய்ந்த வாகை நெற்று. வாசலிலிருந்து துரையின் குளிர்காயும் அடுப்புவரை, தானாகக் காற்று கொண்டுவந்து போட்டதுபோலவே கிடந்தது. வண்ணக் கண்ணாடி வெயில் விழும் இடத்தில் மட்டும் நல்ல சிவப்புச் சருகாகப் பொறுக்கிப் போட்டிருந்தது. ஓரத்தில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கையில் கூடையோடு அக்கா நின்றார்.

கம்பத்து மாப்பிள்ளை ஷூக்காலோடு உள்ளே ஒரு எட்டு வைத்தான்.

"ஏலே! நில்லு அங்கனயே!" என்று ஒரு அதட்டல் வந்தது. "விடியக்காலம் புடிச்சு ஒவ்வொண்ணாப் போட்டிருக்கேன், மிதிச்சுக்கிட்டு வார?"

அவன் மிரண்டுபோய், "குப்பைதானே பாட்டி?" என்றான்.

"குப்பைதான். யாரு இல்லைன்னா? நான் போட்ட குப்பை."

மாப்பிள்ளை ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சுவரோரமாகவே நடந்து வந்தான்.