புளி போட்டுத் தேய்த்த தோட்டா

2004 வாக்கில் டெக்சாஸில் இருந்தேன். எந்தத் தோட்டாவைக் காட்டினாலும் ரகம் சொல்லிவிடுவேன் என்று எனக்குக் கர்வம்.

பக்கத்து வீட்டு வெள்ளைக்கார அம்மா, இறந்துபோன கணவரின் கைத்துப்பாக்கித் தோட்டா ஒன்றையும், காலித் தோட்டாவை மறுபடி தயார் செய்யும் அவருடைய பழைய அச்சையும் கொடுத்து, "இது என்ன ரகம்?" என்றார். மருந்தில்லாத வெறும் பித்தளைக் கூடு, கறுத்துக் கிடந்தது. குத்துவிளக்கைத் தேய்ப்பதுபோல் புளி போட்டுத் தேய்த்தேன்.

மூன்று வாரம் அளந்து பார்த்தேன். எந்தப் புத்தகத்திலும் அந்த அளவு இல்லை. எரிச்சலோடு திருப்பிக் கொடுத்தேன்.

"இதில் மையால் எழுதியிருந்ததே?"

"அழுக்குன்னு நினைச்சு தேய்ச்சுட்டேன்."

"அவரே உருவாக்கின ரகம். அவர் வைத்த பெயர் அது. என் கண்ணுக்கு எழுத்து சரியாகத் தெரியாததால்தான் உங்களிடம் கொடுத்தேன்."

முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று கோபம் வந்தது. நானும் கேட்கவில்லையே.

அதன் அளவெல்லாம் இன்றும் மனப்பாடம். பெயர்தான் தெரியாது.