ஏழு கைகள்

"தொடலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் அவள் யார் கையையும் பிடிப்பாள். கேட்பதற்கு முன்னால் உள்ளங்கைகள் இரண்டையும் நாலு முறை உரசிச் சூடேற்றிக்கொள்வாள். நாம் தலையாட்டினால் போதாது, "சரி" என்று வாய்திறந்து சொல்ல வேண்டும். காய்ச்சலில் முனகிக்கொண்டிருந்த ஒரு பஸ் கண்டக்டர், "தொட்டுத்தான் பாரேம்மா, நான் என்ன கண்ணாடிப் பாத்திரமா?" என்று எரிந்து விழுந்தார். அப்போதும், "சரின்னு சொன்னீங்கன்னா ஆரம்பிச்சுடுவேன் சார்" என்றுதான் நின்றாள். எங்கள் டாக்டரின் கிளினிக்கில் அவளுக்குத் 'தொடலாமா' என்றே பெயர் விழுந்தது இப்படித்தான்.

மருத்துவக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். காய்ச்சல், இருமல், சர்க்கரை, ரத்த அழுத்தம் என்று அன்றாடம் வருகிறவர்களைப் பார்க்கும் ஒரு சாதாரணக் குடும்ப டாக்டரிடம் எட்டு வாரம் பயிற்சி. முன்பு ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தார்கள். 'மிகவும் மெதுவாக வேலை செய்கிறார்' என்று எழுதித் திருப்பிவிட்டார்களாம். இந்த முறை எங்கள் டாக்டர் தருகிற அறிக்கையும் அப்படி இருந்தால் ஒரு வருடம் போய்விடும். இதையெல்லாம் நான் துருவிக் கேட்கவில்லை. அவளே சொன்னாள். அவளிடம் எந்த ரகசியமும் ஐந்து நிமிடத்துக்கு மேல் தங்காது.

நான் யார் என்றும் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் விளையாட்டு ஆசிரியை. அதற்கு முன்னால் குண்டு எறிந்தவள். குண்டு போய்விட்டது, கை மட்டும் அப்படியே தங்கிவிட்டது. கடையில் வாங்குகிற எந்தச் சட்டையின் கையும் என் முழங்கையைத் தாண்டாது. ரத்த அழுத்தம் பார்க்க அடிக்கடி அந்தக் கிளினிக்குக்குப் போவேன். முன்னறையில் இரண்டு பெஞ்சு, ஒரு எடை மெஷின், ஏழு நிமிடம் வேகமாக ஓடும் ஒரு கடிகாரம், மீன் இல்லாத ஒரு மீன் தொட்டி. பெஞ்சில் உட்கார்ந்திருப்பவளுக்கு அடுத்தவர்களைப் பார்ப்பதைத் தவிர வேறென்ன வேலை?

காலையில் வந்ததும் அவள் செய்யும் முதல் காரியம், குடிதண்ணீர் கேனைத் தூக்கி எடை மெஷின்மேல் வைப்பது. "தண்ணி இருபது கிலோ, காலிக் கேன் எண்ணூறு கிராம். இருபது புள்ளி எட்டு காட்டணும் டீச்சர். தண்ணி மாறாது, மெஷின்தான் மாறும்" என்றாள். அந்த மெஷினைச் சந்தேகப்பட்ட முதல் ஆள் அவள்தான். நாங்களெல்லாம் பல வருடமாக எங்கள் உடம்பைத்தான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தோம்.

எண்களைத் தோராயமாக எழுதவே மாட்டாள். அங்கே பல வருடமாக இருக்கும் சிஸ்டர், பி.பி. மெஷினின் முள்ளைப் பார்த்த மாத்திரத்தில் "நூத்தம்பது" என்பார். இவள் மறுபடி குனிந்து பார்த்து, "நூத்தி நாப்பத்தெட்டு" என்று எழுதுவாள்.

"ரெண்டு புள்ளியில என்னம்மா ஆயிடப்போகுது?" என்று சிஸ்டர் ஒருநாள் கேட்டார்.

"என்ன ஆகும்னு எனக்குத் தெரியலையே சிஸ்டர், அதான் எழுதிடறேன்."

குழந்தைகளிடம்தான் அவள் பாடு திண்டாட்டம். மூன்று வயதுப் பையன் ஒருவனிடமும் "தொடலாமா?" என்று கேட்டாள். அவன் "மாட்டேன்!" என்று கிளினிக் அதிரக் கத்தினான். சரி என்று எதிரில் தரையில் உட்கார்ந்துகொண்டாள். வரிசையில் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். நானும்தான். கால் மணி நேரம் கழித்து அந்தப் பயல் தானே வந்து அவள் மடியில் ஏறி வாயைத் திறந்து காட்டினான். அன்றைக்கு மதியச் சாப்பாட்டைத் தொடவே அவளுக்கு மணி மூன்றாகிவிட்டது.

இப்படி இருக்கையில், மகளின் பிரசவத்துக்காக சிஸ்டர் இரண்டு வாரம் லீவில் போனார். பி.பி. பார்ப்பதெல்லாம் இவள் பொறுப்பாயிற்று. எனக்குப் பார்த்தாள். நூற்று அறுபத்திரண்டு. டாக்டர் புருவத்தை உயர்த்திவிட்டு, "பத்து நாள் உப்பை நிறுத்திப் பாருங்க, அப்புறம் மாத்திரையை யோசிக்கலாம்" என்றார். அந்தப் பத்து நாளும் நான் சாப்பிட்டதைச் சாப்பாடு என்று சொல்ல என் நாக்கு கூசுகிறது.

பதினோராம் நாள், சனிக்கிழமை காலை, போன் வந்தது. "டீச்சர், உங்க பி.பி.யை நான் தப்பா எடுத்துட்டேன். இன்னிக்கே திரும்ப வர முடியுமா?" அவ்வளவுதான். சாக்குகளைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன எனக்கு அது புதிதாக இருந்தது. இருந்தாலும் உப்பின் ஞாபகம் வந்ததும் எள்ளும் கொள்ளும் வெடிக்கிற முகத்தோடுதான் கிளம்பிப் போனேன்.

அவள் கையில் இரண்டு பட்டைகளை வைத்துக்கொண்டு நின்றாள். கையில் சுற்றிக் காற்றேற்றுகிற பட்டைதான். ஒன்று எப்போதும் மேஜைமேல் கிடப்பது. இன்னொன்று அதைவிட அகலம், நீளம். சின்னதைப் புரட்டி உள்பக்கத்தில் இருந்த ஒரு அம்புக்குறியையும் இரண்டு கோடுகளையும் காட்டினாள். கையில் சுற்றும்போது அந்த அம்பு இரண்டு கோடுகளுக்கும் நடுவில் வர வேண்டுமாம். வராவிட்டால் கைக்கு அந்தப் பட்டை போதாது, பி.பி. இருப்பதைவிட அதிகமாகக் காட்டும். கனத்த கைக்காரர்கள் வந்தால் சிஸ்டர் கீழ் இழுப்பறையிலிருந்து பெரிய பட்டையை எடுப்பார். பழகிய கை, தானே போய்விடும். அதனால் இவளிடம் சொல்லத் தோன்றவில்லை.

"சிஸ்டர் சொல்லாததுனால இல்ல டீச்சர். கோடு பட்டையிலயேதான் இருக்கு. நான்தான் பாக்கலை." நேற்று ராத்திரி கிளினிக்கை மூடுகிற நேரத்தில் ஸ்பிரிட் வைத்துத் துடைக்கும்போதுதான் கண்ணில் பட்டிருக்கிறது. அப்படியே டாக்டர் முன்னால் போய் நின்றிருக்கிறாள். அவர் இவளுடைய நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டு, "எத்தனை பேர்?" என்று மட்டும் கேட்டாராம். அறிக்கையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

ஏழு பேர். எப்படித் தெரியும் என்றேன். "காத்து ஏத்தறப்ப பட்டை பட்டுனு பிரிஞ்சது டீச்சர். திரும்ப ஒட்டி, கையால அமுக்கிப் பிடிச்சுக்கிட்டேன். ஏழு பேருக்கு அப்படிப் பண்ணினேன். ஏழு பேரும் ஞாபகம் இருக்காங்க." ராத்திரி பூராவும் அழுதிருப்பாள்போல, கண் இரண்டும் வீங்கியிருந்தன. தண்ணீர்க் கேனை வைத்து எடை மெஷினைச் சோதித்த பெண்ணுக்கே இப்படி ஒரு சறுக்கல். உப்புக் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை.

பெரிய பட்டையில் எனக்கு நூற்று முப்பத்தெட்டு.

ஏழு பேரில் மூன்று பேருக்கு அந்தத் தப்பான எண்ணைப் பார்த்து டாக்டர் மாத்திரையைக் கூட்டியிருந்தார். இரண்டு பேர் காலையிலேயே வந்து போய்விட்டார்கள். மூன்றாவது ஆள் எட்டு மணியிலிருந்து போனை எடுக்கவில்லை. அவள் கையிலிருந்த அட்டையை எட்டிப் பார்த்தேன். என் வீட்டு மாடியில் குடியிருப்பவர்.

"வேலை நேரத்துல போனைப் பைக்குள்ள போட்டு மூடிடுவாரு. பெயிண்டராச்சே" என்றேன்.

அவள் முகத்தில் ஈயாடவில்லை. அவருடைய அட்டையில் 'தொழில்' என்ற கட்டம் காலியாக இருந்தது.

"ஏணி மேல ஏறுவாரா?"

"பின்ன, பறந்தா அடிப்பாரு?" என்று சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. தேவையில்லாத மாத்திரை மூன்று நாளாக உள்ளே போகிறது. அழுத்தம் இறங்கி, நிற்கும்போது தலை சுற்றினால் மனுஷன் எங்கே நின்றுகொண்டிருப்பார்?

டாக்டர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். "உடனே போ. பாத்ததும் எனக்குப் பேசு" என்றார். பெரிய பட்டையைப் பைக்குள் திணித்துக்கொண்டு என் ஸ்கூட்டரின் பின்னால் ஏறினாள். நூலகத்தின் பின்சுவருக்கு அடிப்பதாகப் பெயிண்டர் காலையில் என்னிடம் சொல்லியிருந்தார். வேகமாக ஓட்டாதே என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள், அன்றைக்கு எப்படி ஓட்டினேன் என்று எழுத மாட்டேன்.

ஏணியின் உச்சியில் நின்று ரோலரை உருட்டிக்கொண்டிருந்தார். கீழே சிமென்ட் தரை. மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கேட்கிற குரல் என்னுடையது. கூப்பிட வாயைத் திறந்தேன். அவள் சட்டென்று என் வாயைப் பொத்தினாள். கேட்காமல் அவள் ஒருவரைத் தொட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஓசைப்படாமல் போய் ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்ட பிறகுதான் பேசினாள்.

"அண்ணே, கிளினிக்லேருந்து வந்திருக்கேன். ஏணியைப் பிடிச்சிருக்கேன். ரோலரை மாட்டிட்டு மெதுவா இறங்குங்க."

"யாரு, தொடலாமாவா? பாதிச் சுவத்துல நிறுத்தச் சொல்றியே, நியாயமா?"

முனகிக்கொண்டே இறங்கினார். தரைக்கு மூன்று படி இருக்கையில் அப்படியே நின்று நெற்றியைப் படியில் சாய்த்துக்கொண்டார். "ரெண்டு நாளா இப்படித்தான் கண்ணை இருட்டுது. பெயிண்ட் வாடைன்னு நெனச்சேன்."

"கண்ணு தெளியற வரைக்கும் நில்லுங்கண்ணே. அவசரமே இல்ல." குரலில் துளி நடுக்கம் இல்லை. ஏணியைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் வெளுத்துப்போயிருந்தன. மெதுவாக வேலை செய்கிறாள் என்று எழுதியவர்கள் அப்போது அங்கே இருந்திருக்க வேண்டும்.

சுவரோரம் உட்கார வைத்து அளந்தாள். நூற்றுப் பன்னிரண்டு. எழுந்து நிற்கச் சொல்லி அளந்தாள். தொண்ணூறு. மறுபடி உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டு எதிரில் மண்டியிட்டாள். "அண்ணே, அன்னிக்கு உங்க பி.பி. ஏறவே இல்ல. பொருந்தாத பட்டையில நான் அளந்துட்டேன். அதைப் பாத்துத்தான் மாத்திரை கூடிச்சு. தப்பு என்னோடது."

அவர் ஏணியின் உச்சியைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். "என்னை நம்பி வீட்ல மூணு பேர் இருக்காங்கம்மா" என்றார். அதட்டியிருந்தால்கூடத் தேவலை. அவள் கண்ணைத் துடைத்துக்கொள்ளாமலேயே டாக்டருக்குப் போன் போட்டு, அவருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தாள்.

"அந்தக் கூடுதல் மாத்திரையை நிறுத்திடுங்க. நாளையிலேருந்து பழைய அளவு போதும். ரெண்டு நாள் ஏணி வேண்டாம்" என்றார் டாக்டர். கொஞ்சம் நிறுத்திவிட்டு, "சீட்டு எழுதினது நான். எழுதறதுக்கு முன்னாடி நானே ஒரு தடவை அளந்திருக்கணும். மன்னிச்சுக்குங்க" என்றார். பிறகு அவளிடம், "அறிக்கையில இதையும் எழுதுவேன்" என்றார்.

"எழுதுங்க சார்."

"நீயே கண்டுபிடிச்சு நீயே வந்து சொன்னதையும்தான் எழுதுவேன். திரும்பி வந்ததும் அந்தப் பெரிய பட்டையை மேஜை மேலயே வை. சீக்கிரம் வா, இங்க பதினாலு பேர் உக்காந்திருக்காங்க."

அவளுக்கு மூச்சு வந்தது. எனக்கும் வந்தது. பெயிண்டர் மட்டும் எங்கள் இருவரையும் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மேல ரெண்டடி விட்டுப்போச்சு. ஈரம் காயறதுக்குள்ள சேக்கலைன்னா கோடு விழுந்துடும். அப்புறம் மொத்தச் சுவரையும் திரும்ப அடிக்கணும்" என்றபடி கையை ஊன்றி எழப் பார்த்தார்.

"உக்காருங்க" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினோம்.

"என்னைப் பாக்காதீங்க, இந்த ஏணி என்னைத் தாங்காது. வேணும்னா பிடிச்சுக்கறேன்" என்றேன் நான்.

அவள் சுவரை அண்ணாந்து பார்த்தாள். "காய எவ்வளவு நேரம் ஆகும்ண்ணே?"

"இன்னும் கால் மணி. அதுக்கு மேல தாங்காது."

"ரோலரை மேலேருந்து கீழயா, கீழேருந்து மேலயா?"

பெயிண்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "கீழேருந்து மேல. அழுத்தக் கூடாது" என்றார்.

நான் குண்டு எறிந்த கைகள் இரண்டாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். அவள் ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றிப் பெயிண்டரின் கழுத்தில் மாட்டிவிட்டு, முதல் படியில் கால் வைத்தாள்.