செவலையின் கழுத்துப் பட்டை

எங்கள் தொழுவத்தில் ஐந்து மாடுகள். அதில் நிறையக் கறப்பது செவலைதான். ஆனால் மூன்று முறை சினை ஊசி போட்டும் அதற்குச் சினை நிற்கவில்லை. மற்ற மாடுகள் பருவத்துக்கு வந்தால் காமயகவுண்டன்பட்டியில் பாதி ஊருக்குக் கேட்கும்படி கத்தும். செவலை கத்தாது. எந்த நாளில் டாக்டரைக் கூப்பிடுவது என்று தெரியாமலே ஒரு வருஷம் ஓடிவிட்டது. பாலும் வற்றிப்போனது.

அந்தச் சமயத்தில்தான் பால் சங்கத்தில் மாட்டுக் கழுத்தில் கட்டும் பட்டை ஒன்று கொடுத்தார்கள். மாடு எவ்வளவு நடக்கிறது, எவ்வளவு நேரம் அசைபோடுகிறது என்று அது கவனித்து அந்த மாட்டின் வழக்கத்தைப் படித்துக்கொள்ளுமாம். வழக்கம் மாறினால் செல்போனுக்குச் சொல்லுமாம். செயற்கை நுண்ணறிவு என்றார்கள். நான் அதைச் செவலைக்குக் கட்டினேன்.

"விக்கப் போற மாட்டுக்கு எதுக்கு இதெல்லாம்?" என்றார் என் கணவர். கேரளாவுக்கு மாடு ஏற்றும் வியாபாரியிடம் அவர் ஏற்கெனவே பேசியிருந்தார்.

பதினெட்டு நாள் பட்டை ஒன்றும் சொல்லவில்லை. வியாபாரி வரவேண்டிய அன்று காலை, சாணி அள்ளிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. செவலை பருவத்தில் இருக்கிறது, மாலைக்குள் ஊசி போடவும் என்று செய்தி வந்திருந்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன். செவலை சாதுவாக நின்றது.

கணவரிடம் போனைக் காட்டினேன்.

"இருவது வருசமா மாட்டோட கெடக்கேன். எனக்குத் தெரியாததா இந்த டப்பாவுக்குத் தெரியப்போகுது?"

"உங்களுக்கும் தெரியல, எனக்கும் தெரியல. அதான மூணு ஊசி வீணாப் போச்சு. இன்னைக்கு ஒரு நாள் இது சொல்றதக் கேப்போம்."

அவர் பதில் சொல்வதற்குள் வண்டி வந்து நின்றுவிட்டது. நானே முன்னால் போனேன். "மாடு குடுக்கலண்ணே. சினை ஊசி போடப் போறோம்."

வியாபாரி சிரித்தார். "சினை நிக்காத மாடுன்னுதான ஒங்க வீட்டுக்காரரு சொன்னாக?"

"நிக்கும்" என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேனோ. மாட்டை அவிழ்க்க வந்த என் கணவர் கயிற்றை விட்டுவிட்டுத் தோட்டத்துப் பக்கம் நடந்தார். வண்டி வெறுமனே திரும்பியது.

சாயங்காலம் கால்நடை டாக்டரம்மா வந்தார். கையுறை மாட்டிச் சோதித்துவிட்டு நிமிர்ந்தார். "யக்கா, சரியான நேரத்துல கூப்பிட்டீக. இதுக்கு ஊமைப் பருவம். வெளிய காட்டிக்காது. நாளைக்குக் கூப்பிட்டிருந்தா இதுவும் வீணாப் போயிருக்கும்." சொல்லிக்கொண்டே ஊசியை எடுத்தார்.

மூன்று மாதம் கழித்து அவரே மறுபடி சோதித்தார். நான் கயிற்றைப் பிடித்தபடி நின்றேன். "சினைதான்க்கா" என்றார். என் கணவர் சட்டென்று வெளியே போய் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். துண்டால் முகத்தைத் துடைப்பது மட்டும் தெரிந்தது.

அதற்கு ஆறு மாதம் கழித்து ஒரு நண்பகலில், எங்கள் தோட்டத்தில் திராட்சை வெட்ட வந்த பெண்களெல்லாம் சுற்றி நிற்க, செவலை கிடேரிக் கன்று ஈன்றது. நெற்றியில் வெள்ளைச் சுட்டி.

அதற்கப்புறம் ஒருநாள் பால் ஊற்ற வரிசையில் நின்றோம். முன்னால் நின்றவர் தன் மாட்டுக்குச் சினையே நிற்கவில்லை என்று புலம்பினார். என் கணவர் என்னைக் கை காட்டினார். "இவுகளக் கேளுங்க. அந்தப் பட்டைய நான் வேணாம்னேன். இவுகதான் விடாம நின்னாக."

கல்யாணமாகி இருபது வருஷத்தில் அவர் என்னை ‘இவுக’ என்று மரியாதையாகப் பேசி அன்றுதான் கேட்டேன். வரிசை முழுக்க என் பக்கம் திரும்பியது. பால் கேனைக் கீழே வைத்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தேன்.