பதினோராம் கட்டிலின் இரத்தம்

வாப்பாவின் இரத்த அறிக்கை நன்றாக இருந்ததுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

கடும் இன்புளுவென்சாவோடு அவர் ஆஸ்பத்திரியில் இருந்தார். ஒட்சிசனைக் கழற்றி ஒரு நாள்தான் ஆகியிருந்தது. நான் வேறோர் ஊரில் ஆய்வுகூடத்தில் வேலை செய்பவள். லீவு போட்டு, உக்குவளை வீட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து, அன்றைய அறிக்கையைக் கொப்பியில் நிரல் நிரலாக எழுதிக்கொள்வேன். இந்தக் காய்ச்சல் கடுமையாகும்போது வெண்குழியங்களில் ஒரு வகையான நிணநீர்க்குழியங்கள் வெகுவாகக் குறைந்துவிடும். அவை திரும்ப ஏறினால் உடம்பு தேறுகிறது என்று பொருள். வாப்பாவுடையவை நாலு நாளாக அசையவில்லை. ஐந்தாம் நாள் ஒரேயடியாக இரண்டு மடங்கு.

"இன்டைக்கு டிக்கட் வெட்டுறாங்களாம்" என்றார் உம்மா. வீட்டுக்கு அனுப்புவதை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். துணிகள் ஏற்கெனவே பைக்குள் போயிருந்தன.

நான் கொப்பியின் கடைசி நிரலைப் பார்த்தேன். செங்குழியத்தின் அளவு. வாப்பாவுக்குப் பரம்பரையாக வந்த சிறு தலசீமியாக் கூறு உண்டு. நோயில்லை, ஆனால் அவருடைய செங்குழியங்கள் எப்போதுமே சிறியவை. அறுபத்தேழு, அறுபத்தேழு, அறுபத்தாறு, அறுபத்தேழு. இன்று எண்பத்தொன்பது. செங்குழியம் ஒரே நாளில் இப்படி வளராது.

இயந்திரக் கோளாறா? மற்றவர்களின் அறிக்கைகளில் குறையில்லை. லேபல் மாறியதா? வாப்பாவின் பதினோராம் கட்டிலில்தான் எடுத்தது என்று தாதி மிஸ் அடித்துச் சொன்னார். மிஞ்சியது வாப்பா.

"காலையில ரத்தம் எடுக்கக்குள்ள பேர் கேட்டாங்களா?"

"நான் விடிய சுபஹ் தொழுதுட்டு இருந்தேன். தொழுகையில பேர் சொல்றதா?"

"தொழுற ஆள்ட கையில எப்படி ஊசி குத்தினாங்க?"

வாப்பா தண்ணீர்ப் போத்தலைத் திறந்தார். தாகம் இருந்ததாகத் தெரியவில்லை. "நீ சோத்துல கல்லுத் தேடுறவள் மகள்" என்றார்.

எதிர்க் கட்டிலில் அதே காய்ச்சலோடு இருந்த இரத்தோட்டைத் தோட்டத்து ஐயா, இருமல்போலச் சிரித்தார். "சொல்லிருங்க பாய். மக பொலிசு மாதிரி நிக்குது."

வாப்பா போத்தலை மூடிக்கொண்டிருந்தார். ஐயாதான் சொன்னார். பதினோராம் கட்டிலில் தொழும் திசையான கிப்லாவைப் பார்த்து உட்கார்ந்தால் நேர் எதிரே கழிவறைக் கதவு. யாராவது அதைத் திறந்து மூடிக்கொண்டே இருப்பார்கள். அதனால் அன்று முதல் தடவையாக எழுந்து உட்கார்ந்து தொழுதபோது, ஐயாவின் ஜன்னலோரக் கட்டிலை இரவல் வாங்கியிருக்கிறார். மிஸ் ஏசுவார் என்று இருவரும் வாயைத் திறக்கவில்லை.

"எனக்கும் கக்கூஸ் கிட்டன்னா வசதிதானுங்க. பாயோட கட்டில்லயே அசந்துட்டேன். ஊசி குத்துனதும்தான் முழிச்சேன். எனக்கு இன்னிக்கு ரத்தம் எடுக்குற நாளே இல்ல. சும்மா எடுக்குறாங்கன்னு நெனச்சேன்."

மிஸ்ஸிடம் போய்ச் சிங்களத்தில் விளக்கினேன். நான் யார், என்ன படித்தேன் என்று கேட்டார். கொப்பியைக் காட்டினேன். நிரல்களில் விரலை ஓட்டிவிட்டு டொக்டரைக் கூப்பிட்டார்.

மறுபடி எடுத்தார்கள். இம்முறை டொக்டர் பெயரை இரண்டு தரம் கேட்டார். செங்குழியம் அறுபத்தேழு. நிணநீர்க்குழியங்கள் முந்தைய நாள் எங்கே நின்றனவோ அங்கேயே. உம்மா பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். வாப்பா எனக்கு முதுகைக் காட்டிப் படுத்தார். அன்று பின்னேரம் அவருக்கு மூச்சு இரைத்தது. திரும்பவும் ஒட்சிசன் மாட்டினார்கள். அப்போதுதான் என் கையைப் பிடித்தார்.

மறுநாள் ஐயாவுக்கு டிக்கட் வெட்டினார்கள். போகும்போது உம்மாவிடம் சொன்னார்: "என் ரத்தம் நல்லாயிருக்குன்னு எங்க வீட்டுக்கு முன்னாடி ஒங்க வீட்டுலதாங்க சந்தோசப்பட்டாங்க."

வாப்பாவின் எண்கள் ஏற இன்னும் நாலு நாள் பிடித்தது. அந்த அறிக்கையை மிஸ் சிரித்தபடி நீட்டினார். நிணநீர்க்குழியத்தை நான் உடனே பார்க்கவில்லை. முதலில் அறுபத்தேழைத் தேடினேன். இருந்தது.