மனு கொடுக்க நடந்த ஆறு கிலோமீட்டர்

கிரிவலப் பாதையைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் லிங்கங்களையும் இட்லிக் கடைகளையும் பற்றித்தான் எழுதுகிறார்கள். எழுதட்டும். 1986 தை மாதம் நானும் என் அண்ணி காசியம்மாவும் அதே பாதையில் நடந்தோம். சாமி கும்பிட அல்ல, ஊராட்சித் தலைவர் தேர்தலுக்கு மனு கொடுக்க.

எங்களுடையது அடி அண்ணாமலையை ஒட்டிய சின்ன ஊர். 1970-க்குப் பிறகு ஊராட்சித் தேர்தலே நடக்கவில்லை. பல வருஷம் தலைவரும் கிடையாது. தனி அலுவலர் என்று ஒருவர் ஒன்றிய ஆபீசில் இருந்தபடியே கையெழுத்துப் போடுவார். எங்கள் தெருவுக்கு அவர் வந்து நான் பார்த்ததில்லை. பழைய தலைவர் சொல்வதுதான் அவருக்கு ஊர். அடிபம்பு வந்தபோது அதுவும் பழைய தலைவரின் களத்து ஓரத்தில் போய் நின்றது. நாங்கள் அரை கிலோமீட்டர் தள்ளிக் கழனிக் கிணற்றில் இறைத்தோம்.

தேர்தல் அறிவித்ததும் ஊர்ப் பெரியவர்கள் பழைய தலைவர் வீட்டில் கூடி, அவரையே போட்டியில்லாமல் தேர்ந்தெடுப்பது என்று பேசி முடித்தார்கள். எங்கள் தெருவில் யாரையும் கூப்பிடவில்லை. சேதி கேட்ட அன்று களி கிளறிக்கொண்டே அண்ணி சொன்னார்: "நான் நிக்கிறேன்." அண்ணன் பெங்களூரில் கொத்து வேலையில் இருந்தார். கடிதம் போட்டுக் கேட்க நேரமில்லை. அண்ணியும் கேட்பதாக இல்லை.

கடைசி நாள், மூன்று மணிக்குள் மனு போய்ச் சேர வேண்டும். காலை 9.40 டவுன் பஸ்ஸுக்கு நின்றோம். டிக்கெட் எழுபத்தைந்து பைசா. பழைய தலைவரின் தம்பி நாலு பேரோடு வந்து படிக்கட்டை மறித்தார்.

"எதுக்கும்மா வீண் வேலை? வூட்டுக்குப் போங்க."

"வழி வுடுங்க" என்றார் அண்ணி.

கண்டக்டர் அவர்களைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், விசில் கொடுத்தார். பஸ் போய்விட்டது. அடுத்தது ஒன்றரைக்கு.

"அதுக்கும் இவங்கதான் நிப்பாங்க. நட" என்றார் அண்ணி.

மலை வலது கைப்பக்கம். வெயில் ஏறிவிட்டது. அப்போது அந்தப் பக்கம் நிழல் ரொம்பக் கம்மி. குபேர லிங்கத்துக்கு அருகே தண்ணீர் குடித்தோம். பின்னாலேயே இரண்டு பேர் சைக்கிளில் மணி அடித்தபடி வந்தார்கள். "உனக்கு முன்மொழியறேன்னவன் நேத்தே பின்வாங்கிட்டான். யாரும்மா கையெழுத்துப் போடுவா?" என்றான் ஒருவன்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அண்ணி என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார். "இவ போடுவா." எனக்கு இருபத்து மூன்று வயது. பயமாக இருந்தது. போடுகிறேன் என்று தலையாட்டினேன்.

11.50-க்கு ஒன்றிய ஆபீஸ். மனுவில் காசியம்மா, வாக்காளர் பட்டியலில் காசியம்மாள். "பேர் ஒத்துப்போகல, சரி பண்ணிக்கினு வாங்க" என்றார் கிளார்க்.

"ஒரு எழுத்து ஜாஸ்தியா போட்டது உங்க ஆபீஸ். அதுக்கு நான் ஊருக்குப் போய் வரணுமா?"

அதிகாரி சீட்டில் இல்லை. வெளியே உட்காரச் சொன்னார்கள். அண்ணி மேசையை விட்டு நகரவில்லை. 2.20-க்கு அதிகாரி வந்தார், பட்டியலைப் பார்த்தார், வாங்கிக்கொண்டார். ரசீது நாளைக்கு என்றார் கிளார்க். "இப்பவே குடுங்க" என்றார் அண்ணி. 2.35-க்கு ரசீது எங்கள் கையில்.

வாபஸ் வாங்கச் சொல்லி மறுநாளே ஆள் வந்தது. வாங்கினால் எங்கள் தெருவுக்கும் பம்பு தருவார்களாம். "அது இன்னா உங்க வூட்டு பம்பா, நீங்க தர்றதுக்கு?" என்று கேட்டு அனுப்பினார் அண்ணி.

பத்தொன்பது ஓட்டில் தோற்றோம். ஆனால் அந்தத் தேர்தலில்தான் பழைய தலைவர் முதல்முறையாக எங்கள் தெருவுக்குள் கைகூப்பிக்கொண்டு வந்தார். கேட்ட ஓட்டுக்குப் பதில் சொல்லச் சொல்லி அண்ணி எங்களையெல்லாம் அவர் வாசலுக்கு இரண்டு தடவை கூட்டிப்போனார். ஆடியில் பம்பு வந்தது. "தந்தாங்கன்னு சொல்லாத, வாங்கினோம்னு சொல்லு" என்பார்.

இப்போது பாதை முழுக்க விளக்கும் நடைபாதையும் இருக்கின்றன. அடி அண்ணாமலையிலிருந்து டவுனுக்கு நடந்தால் இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள், ஏழு மணிக்குள் கிளம்பினால் வெயில் படாது. மனு கொடுக்கப் போகிறவர்கள் வாக்காளர் பட்டியல் நகல் எடுத்துக்கொள்ளுங்கள், முன்மொழிய இரண்டு பேரைக் கூட்டிப்போங்கள், ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள். தோற்றுப்போவீர்கள் என்று சொல்வார்கள். தோற்றாலும் சரி, போய்விட்டு வாருங்கள்.