குளவி அட்டையோடு எம். புதுப்பட்டிக்கு

காலை பத்து மணிக்குக் காரியாபட்டியில் அருப்புக்கோட்டை பேருந்தில் ஏறினேன். மடியில் ஒரு தெர்மோகோல் பெட்டி. அதற்குள் ஐஸ் பாட்டிலை ஒட்டி, துணியில் சுற்றிய ஆறு அட்டைகள். ஒவ்வோர் அட்டையிலும் கசகசா அளவில் தூவி ஒட்டினாற்போல் கறுப்பு முட்டைகள். கம்புக் குருணையில் வளர்த்த அந்துப்பூச்சி இட்ட முட்டைகள்தான் அவை. ஆனால் உள்ளே வளர்வது அந்துப்பூச்சி இல்லை, ஒரு குட்டிக் குளவி. வெளியே வந்ததும் அது மக்காச்சோள இலையில் படைப்புழுவின் தாய்ப்பூச்சி இட்ட முட்டையைத் தேடிப் போய், அதற்குள் தன் முட்டையை வைத்துவிடும். புழு வரவேண்டிய இடத்தில் குளவி வரும். ஆளைக் கொட்டாது.

அட்டை விற்ற பெண் இரண்டு விஷயம் சொல்லி அனுப்பினாள். "சூடு பட்டா வழியிலயே பொரிச்சிரும். காட்டுல மருந்து அடிச்சிருந்தா கட்டாதீக, அம்புட்டும் செத்துரும்."

காடு என் தம்பி முருகேசனுடையது. எம். புதுப்பட்டியில் கிணற்றுப் பாசனம். அவனும் அவன் மனைவி பேச்சியும் ஒரே பட்டாசுக் கம்பெனியில் வேலை. போன தடவை சோளத்தைக் குருத்தோடு புழு தின்றுவிட்டது. இந்த வெள்ளாமை மட்டும் வீடு வந்து சேர்ந்தால் பேச்சியைப் பட்டாசு வேலையிலிருந்து நிறுத்திவிடுவேன் என்று என்னிடம் சொல்லியிருக்கிறான். அதற்காகத்தான் காரியாபட்டியில் என் கடையைப் பூட்டிவிட்டு நான் கிளம்பியது.

முந்தின நாள் இரவு போனில் கறாராகச் சொல்லிவிட்டான். "நாளைக்கு அரைநாள் வேலைதேன். மூணு மணிக்குள்ள வந்தா உன் குளவி. இல்லாட்டி மருந்த அடிச்சிருவேன்க்கா." நடுவில் கூப்பிட்டுப் பேசவும் வழியில்லை. பட்டாசுக் கம்பெனிக்குள் செல்போன் ஆகாது. கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

எனக்கென்று இன்ஜின் பக்கத்து இருக்கைதான் கிடைத்தது. மாசி வெயில் போதாதென்று காலடியில் அனல். பெட்டியை மாற்றி மாற்றித் தூக்கிப் பிடித்தேன். பக்கத்தில் இருந்த அம்மாள், "பொறந்தநாள் கேக்காம்மா?" என்றார். குளவி என்றேன். காலைத் தூக்கி இருக்கையில் வைத்துக்கொண்டார். நடத்துநர் எட்டிப் பார்த்து, "அதுகளுக்கு லக்கேஜ் டிக்கெட்டா, ஆள் டிக்கெட்டா?" என்று கேட்க, முன்பக்கம் முழுக்கச் சிரித்தது. எனக்குச் சிரிப்பே வரவில்லை.

அருப்புக்கோட்டையில் மாறி, இருபது கிலோமீட்டர் தாண்டி விருதுநகர் வந்தபோது மதியம். சிவகாசி வண்டி ஆள் சேரும்வரை நகரமாட்டேன் என்று நின்றது. பாட்டிலில் ஐஸ் போய் வெறும் தண்ணீர். டீக்கடையில் இரண்டு ஐஸ் கட்டி கேட்டேன். ஜூஸ் வாங்கினால்தான் தருவேன் என்றார் கடைக்காரர். வாங்கினேன், குடிக்கவில்லை.

சிவகாசி ரயில்வே கேட்டில் வண்டி நின்றபோது மனசு கேட்காமல் துணியைப் பிரித்தேன். வெள்ளைத் துணியில் இரண்டு புள்ளிகள் நடந்து போய்க்கொண்டிருந்தன. மூன்றாவது ஒன்றும் வந்தது. அவசரமாகச் சுற்றி மூடினேன்.

புதுப்பட்டிக்கு டவுன் பஸ், பெண்களுக்கு டிக்கெட் காசு கிடையாது. ஜன்னலுக்கு வெளியே தள்ளித் தள்ளிக் கட்டிய பட்டாசு அறைகள், இடையிடையே வேப்பமரங்கள். மற்ற நாளில் நின்று பார்த்திருப்பேன். அன்று கடிகாரத்தைத் தவிர எதையும் பார்க்கவில்லை. இறங்கும்போது மூன்றாக ஐந்து நிமிடம் இருந்தது.

வரப்பில் ஏறியதும் மருந்து வாடை அடித்தது. முருகேசன் தெளிப்பான் டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு நின்றான். பேச்சி அவனை மறித்துக்கொண்டு நின்றாள்.

"அடிச்சிட்டியாலே?"

"இன்னும் இல்ல. ஆனா கலந்துட்டேன்க்கா. நீ வரமாட்டேன்னு நெனச்சுட்டேன். கலந்தத மிச்சம் வைக்கக் கூடாது."

"நானும் அப்ப இருந்து சொல்லுறேன் மதினி," என்றாள் பேச்சி. "இது தானா வெடிக்காது, கீழ எறக்கி வையிங்கன்னு. கேக்க மாட்டேங்காக."

மிச்சம் வைக்கக் கூடாது என்று அவன் விளையாட்டாகச் சொல்லவில்லை. கம்பெனியில் அவனுக்குப் பட்டாசு ரசாயனம் கலக்கும் வேலை. காலையில் கலந்ததைச் சாயங்காலத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். ராத்திரி தங்கினால் தானாகப் பற்றிக்கொள்ளும். அப்படிப் போன ஆட்களை அவனுக்குத் தெரியும். அந்தப் பயம் பூச்சிமருந்து டேங்க் வரைக்கும் கூடவே வந்திருக்கிறது. திட்டத்தான் வாய் வந்தது, திட்ட முடியவில்லை.

துணியைப் பிரித்துக் காட்டினேன். இப்போது பத்து இருபது புள்ளிகள். நகக்கண்ணில் பட்டாசுக் கலவையின் வெள்ளிப் பொடி ஒட்டிய விரலை ஒன்றின்மேலும் படாமல் தள்ளி வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு ஒரு பிடி புழுதியை அள்ளி விட்டுப் பார்த்தான். காற்று மேற்கே போனது. மேற்கே ஓடைக்கு அந்தப் பக்கம் சின்னையா காடு; அவர் எப்படியும் இன்று அடிக்கப்போகிறவர். "அங்கன தீத்துட்டு வாரேன்," என்று டேங்கோடு ஓடையில் இறங்கினான். நானும் பேச்சியும் அட்டைகளை நறுக்கி இலைக்கு அடியில் ஸ்டேப்ளர் போட்டோம்.

திரும்பும் வழியெல்லாம் கட்சிக் கொடிகளையும் டீக்கடைப் புகையையும் பார்த்துக்கொண்டே வந்தேன். காற்று கிழக்கே திரும்பினால் சின்னையா காட்டு மருந்து தம்பி காட்டுக்கு வந்துவிடும், எல்லாம் போச்சு. நாலு நாளில் தெரிந்துவிடும் என்று அட்டைக்காரப் பெண் சொல்லியிருந்தாள். இலையில் இருக்கும் படைப்புழு முட்டை கறுத்தால் குளவி வென்றது. கறுக்காவிட்டால் அதற்குள் புழு வந்திருக்கும்.

நாலாம் நாள் முற்பகல், கடையில் இருந்தபோது போன் அடித்தது. தம்பி நம்பர். காரியாபட்டியில் அந்த நேரத்துக்குப் போன் வந்தால் யாரோ கூப்பிடுகிறார்கள், அவ்வளவுதான். பட்டாசுக் கம்பெனி ஆளுக்கு அந்த நேரத்தில் போன் கேட்டில் அல்லவா இருக்க வேண்டும். அதை எடுத்து எனக்குக் கூப்பிடுவது யார், கம்பெனியில் ஏதும் வெடித்துவிட்டதா? எடுக்கக் கை வரவில்லை. நின்றுபோய் மறுபடி அடித்தது, எடுத்தேன்.

"அக்கா, கறுத்துருச்சு. பாத்த முட்டையெல்லாம் கறுத்துருச்சு."

"வேலைக்குப் போகலையாலே?"

"லீவு போட்டுட்டோம்."

"பேச்சி எங்க?"

"இங்கனதான், எல எலயாப் பொரட்டிக்கிட்டுத் திரியுறா."

கடைத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சந்தோஷமாக ஏதாவது சொல்லியிருக்க வேண்டும்.

"இனிமே இந்த நேரத்துல போன் பண்ணாதலே," என்றேன்.